கோல்ஃப் ஹேண்டிகேப் 18-இலேயே நிற்கிறது. வாரத்திற்கு நான்கு மணி நேரப் பயிற்சியை எப்படிப் பிரிப்பது?

பீளமேடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 52 வயதாகிறது. கோவையில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். கோல்ஃப் மட்டையை முதன்முதலில் கையில் எடுத்தபோது வயது 46. தொடங்கிய மூன்று ஆண்டுகளில் ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறையக் குறைய நல்லது) 31-இலிருந்து 19-க்கு மளமளவென்று இறங்கியது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளாக 18-க்கும் 19-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இன்றைய கணக்கு 18.4. எப்படியாவது 15-க்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

செவ்வாய், வெள்ளி மாலைகளில் பட்டறையைச் சாத்திவிட்டுப் பயிற்சித் திடலுக்குப் போய், ஒவ்வொரு முறையும் 100 பந்துகள் அடிக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் டிரைவர் என்ற நீள மட்டையால்தான். பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கிற்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் உருட்டிப் பார்ப்பதோடு சரி. இருட்டுவதற்குள் கிடைக்கும் நேரம் எல்லாம் சேர்த்து வாரத்திற்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டாது.

என்னிடம் மூன்று கேள்விகள் உள்ளன. பயிற்சித் திடலில் இருபது பந்துகள் அடித்த பிறகு நேராகப் பறக்கத் தொடங்கும் டிரைவர், மைதானத்தின் முதல் குழியிலேயே வலப்பக்கமாக வளைந்து வேலிக்கு வெளியே போவது ஏன்? இந்த நான்கு மணி நேரத்தை எதற்கு எவ்வளவு என்று பிரித்தால் பலன் கிடைக்கும்? சென்ற மாதம் 18 குழிகளையும் 90 ஸ்ட்ரோக்கில் (மட்டை வீச்சுகளில்) முடித்தேன். எனக்கு அது நல்ல ஆட்டம். ஆனால் மறுநாள் பார்த்தால் ஹேண்டிகேப் 18.1-இலிருந்து 18.4-க்கு ஏறியிருந்தது. நன்றாக ஆடினால் ஏறும் கணக்கு என்ன கணக்கு என்று விளங்கவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிண்டி காலைநேரம் எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கணக்கு புரியாவிட்டால், செய்யும் பயிற்சி பலன் தருகிறதா இல்லையா என்பதையே அறிய முடியாது.

2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, நீங்கள் கடைசியாகப் பதிந்த 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8-இன் சராசரியே உங்கள் ஹேண்டிகேப் குறியீடு. சராசரி எடுக்கப்படுவது அட்டையில் உள்ள எண்ணுக்கு அல்ல. மைதானத்தின் கடினத்தைக் கழித்துக் கிடைக்கும் வித்தியாசத்திற்கு. உதாரணமாக, நீங்கள் ஆடும் டீயின் (ஒவ்வொரு குழிக்கும் முதல் ஷாட்டை அடிக்கும் இடம்) கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அங்கே எடுக்கக்கூடிய எண்) 70.2, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்ற அளவு) 124 என்று வைத்துக்கொள்வோம். 90-இலிருந்து 70.2-ஐக் கழித்தால் 19.8 வரும். அதை 113-ஆல் பெருக்கி 124-ஆல் வகுத்தால் 18.0 கிடைக்கும். நடுத்தரமான கடினம் உள்ள மைதானத்தின் ஸ்லோப் 113 என்று வகுத்திருப்பதால்தான் அந்த எண் கணக்கிற்குள் வருகிறது. அன்றைய காற்றும் தரையும் எல்லோருடைய ஆட்டத்தையும் அளவுக்கு மீறிப் பாதித்திருந்தால் ஒரு சிறு திருத்தமும் சேரும்.

இப்போது உங்கள் 90-க்கு வருவோம். அதை நீங்கள் பதிந்த அன்று, வரிசையில் இருபதாவதாக நின்ற பழைய ஆட்டம் வெளியேறியிருக்கும். அது நீங்கள் என்றோ 87 அடித்த ஒரு பொன்னான நாளாக இருந்தால், அதன் வித்தியாசம் 15.3. சிறந்த எட்டிலிருந்து 15.3 போய் 18.0 வந்து உட்கார்ந்தால் கூட்டுத்தொகை 2.7 ஏறும், எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 0.3. உங்களுக்கு ஏறியதும் அதுவே. ஆகவே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வருந்த வேண்டாம். அதே நேரத்தில், குறியீட்டில் ஒரு முழு எண் இறங்க வேண்டுமானால் சிறந்த எட்டின் கூட்டுத்தொகை எட்டு இறங்க வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 18.4-இலிருந்து 15 என்பது 27 ஸ்ட்ரோக்கிற்கு மேல் சேமிக்க வேண்டிய வேலை. ஒரு நல்ல சனிக்கிழமையால் ஆகக்கூடியது அன்று அது.

இன்னும் இரண்டு செய்திகள். ஒரே குழியில் பத்து, பதினொன்று என்று போனாலும் ஹேண்டிகேப் கணக்கில் அது அப்படியே சேராது. பாருக்கு (குழிக்கென்று வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) மேல் இரண்டு, அதோடு அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக், அவ்வளவுதான் உச்சம். மேலே சொன்ன டீயில், பார் 72 என்றால், 18.4 உள்ளவருக்கு 18 சலுகை ஸ்ட்ரோக் வரும், குழிக்கு ஒன்று. எனவே பார் 4 குழியில் ஏழுக்கு மேல் எதுவும் கணக்கில் ஏறாது. இரண்டாவது செய்தி, 2024-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு 9 குழி ஆட்டத்தையும் பதிந்த உடனேயே 18 குழிக்கான வித்தியாசமாக மாற்றிக்கொள்கிறார்கள். வாரநாளில் ஒரு மாலை 9 குழி ஆட முடிந்தால் அதையும் பதியுங்கள். நல்லதை மட்டும் பதிந்து கெட்டதை விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே சிலருக்கு உண்டு. பொய்யாகத் தாழ்ந்த அந்த எண்ணோடு போட்டி நாளில் உடன் ஆடுபவர்களுக்கு முன்னால் அவர்கள் படும் பாட்டைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

வெலிங்டன் முன்னாள் கேடி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பை தூக்க வந்தவன் நான். இப்போது பதினைந்து ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நாளில் முழு செட் மட்டை ஏது? யாரோ கழித்துப் போட்ட ஒரு 7 அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை) வைத்துக்கொண்டு நான்கு பேர் முறைவைத்து ஆடுவோம். நூற்றைம்பது யார்டும் அதுதான், கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) ஓரத்திலிருந்து சிறிதாகத் தூக்கிப் போடும் சிப்பும் அதுதான், மணலிலிருந்து எடுப்பதும் அதுதான். பெங்களூரில் கேடியாக வாழ்க்கையைத் தொடங்கிய முனியப்பா 2009-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற செய்தி வந்த அன்று, எங்கள் கேடிக் கொட்டகையில் எல்லோரும் கண்கலங்கி நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: இடமும் நேரமும் குறைவு என்பது பெரிய தடையன்று.

முதலில் டிரைவரைப் பற்றி. பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. வீச்சு போகும் பாதைக்கு வலப்பக்கமாக முகம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். வலப்பக்கம் போகிறதே என்று பயந்து நீங்கள் உடலை இடப்பக்கமாகத் திருப்பி நிற்பீர்கள். அப்போது வீச்சின் பாதை இன்னும் இடப்பக்கமாகும், முகத்திற்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி இன்னும் கூடும், வளைவும் கூடும். பயந்து செய்யும் அந்தத் திருத்தமே நோயை வளர்க்கிறது. இடது கையின் பிடியைப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது விரல் முட்டிகள் குறைந்தது இரண்டு தெரிய வேண்டும்; ஒன்று மட்டும் தெரிந்தால் கை அளவுக்கு மீறி இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, முகம் மூட மறுக்கும்.

அடுத்தது, பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து முகத்திற்குப் பூசும் பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுபோங்கள். 7 அயர்னின் முகத்தில் லேசாகத் தூவி, விரலால் பரப்பிவிட்டு ஒரு பந்தை அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பவுடர் போய் வட்டம் தெரியும். நடுவில் விழுந்தால் நன்று. நுனிப் பக்கமாகவோ கழுத்துப் பக்கமாகவோ விழுந்தால், கையில் உறைக்காவிட்டாலும் பத்து யார்டு குறைந்திருக்கும். பத்துப் பந்துகளுக்கு ஒவ்வொரு முறையும் துடைத்துத் தூவி அடித்துப் பாருங்கள். எட்டு வட்டம் ஒரே இடத்தில் சேரும் வரை டிரைவரை உறையிலிருந்து எடுக்க வேண்டாம் என்றே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன். பந்துக்கு முன்னால் தரையில் பட்டுவிடும் பழக்கம் இருந்தால், ஒரு துண்டை மடித்துப் பந்துக்கு ஆறு விரற்கடை பின்னால் போட்டு, அதைத் தொடாமல் அடித்துப் பழகுங்கள்.

இருந்தாலும் என் மனத்தில் முதலிடம் பட்டிங்கிற்கும் சிப்பிங்கிற்கும்தான். அட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டிங்காக இருக்கும்போது, நான்கு மணி நேரத்தில் இரண்டரை மணி நேரமாவது கிரீனிலும் அதன் ஓரத்திலும் செலவிடுங்கள்.

நந்தனம் எழுதியது:

வெலிங்டன் அண்ணனின் பவுடர் யோசனையை நானும் கைக்கொண்டிருக்கிறேன். அதற்கு ஈடான கண்ணாடி வேறில்லை. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டிங் அட்டையில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது உண்மை. அதனாலேயே ஒரு நல்ல ஆட்டக்காரரையும் சுமாரான ஆட்டக்காரரையும் பிரிப்பது பட்டிங் என்று ஆகிவிடாது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஒவ்வொரு ஷாட்டையும் அதன் தொடக்க இடம், முடிந்த இடம் ஆகியவற்றோடு சேர்த்து அளந்து, அதன் மதிப்பு எவ்வளவு என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார், 2011-இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பி.ஜி.ஏ. டூர் அந்த முறையைப் பட்டிங் கணக்கிற்கு ஏற்றுக்கொண்டது. அவர் கண்ட முடிவு இது: இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு 100 யார்டுக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களிலிருந்து வருகிறது, 100 யார்டுக்குள் இருக்கும் எல்லாமும் பட்டிங்கும் சேர்ந்து மீதி ஒரு பங்கு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமின்றி, 90 அடிப்பவரையும் 80 அடிப்பவரையும் ஒப்பிட்டாலும் கணக்கு ஏறத்தாழ இதுதான்.

இன்னொன்று. உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்துப் பட்டில் பாதியைத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். தொலைக்காட்சியில் வெற்றி பெறுபவர் அந்த வாரம் தள்ளியவற்றை மட்டுமே பார்த்துப் பழகிய நாம், நம் 8 அடிப் பட் தவறும்போதெல்லாம் பட்டிங் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆயினும் சராசரி என்பது சராசரிதான். உங்களுடைய ஆட்டத்தில் ஸ்ட்ரோக் எங்கே கசிகிறது என்பது உங்கள் அட்டைக்குத்தான் தெரியும். எனவே பயிற்சியை மாற்றுவதற்கு முன் ஐந்து ஆட்டங்களுக்கு ஒரு சிறு வேலை செய்யுங்கள். அட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் நான்கு குறிகள் போதும்: தண்டனை ஸ்ட்ரோக் வந்ததா, உரிய எண்ணிக்கையில் (பாருக்கு இரண்டு குறைவாக) கிரீனை அடைந்தீர்களா, சிப் செய்த பந்து கிரீனுக்கு வராமல் மறுபடி சிப் செய்ய நேர்ந்ததா, மூன்று பட் ஆனதா. டபுள் போகியோ (பாருக்கு மேல் இரண்டு) அதற்கு மேலோ ஆன ஒவ்வொரு குழிக்கும், அது எந்த ஷாட்டில் தொடங்கியது என்று ஒரு சொல் எழுதி வையுங்கள். ஐந்து ஆட்டங்கள் முடிந்ததும் இங்கே பதியுங்கள். அதன் பிறகு பேசுவோம்.

பீளமேடு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், தாமதத்திற்கு மன்னிக்கவும். அம்மையார் சொன்னபடியே குறித்தேன். முதல் இரண்டு வாரம் எழுதுவதற்கே மறந்து, பாதி வழியில் நினைவுபடுத்திக்கொண்டு எழுதினேன்; பிறகு கேடித் தம்பியிடமே பென்சிலைக் கொடுத்துவிட்டேன்.

ஐந்து ஆட்டங்களின் சராசரி 92. தண்டனை ஸ்ட்ரோக் மொத்தம் 14. உரிய எண்ணிக்கையில் அடைந்த கிரீன், ஆட்டத்திற்கு மூன்று. இரண்டாம் முறை சிப் செய்ய நேர்ந்தது 9 தடவை. மூன்று பட் 17. டபுள் போகியும் அதற்கு மேலும் 24 குழிகள். அந்த 24-இல் 11 டீயிலிருந்து டிரைவர் வேலிக்கு வெளியே போனதால். 8 கிரீனை நோக்கி அடித்த பந்து முன்னாலேயே விழுந்து பங்கரில் (மணல் பள்ளம்) சிக்கியதால். மூன்று பட்டினால் ஆனவை 5 மட்டுமே.

உண்மையில் இதைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது. பட்டிங்தான் என்னைக் கெடுக்கிறது என்று மூன்று ஆண்டுகளாக நம்பிக்கொண்டு, அதற்காகப் புதிய பட்டர் ஒன்று வேறு வாங்கியிருக்கிறேன்.

நந்தனம் எழுதியது:

மிக நன்றாகக் குறித்திருக்கிறீர்கள். 92 என்பது பாருக்கு மேல் 20. அதில் ஆட்டத்திற்கு ஐந்து டபுள் போகி, ஆக 10 அல்லது அதற்கும் மேல் அந்த ஐந்து குழிகளிலேயே போய்விடுகிறது. மீதிப் பதின்மூன்று குழிகளை நீங்கள் 15 ஹேண்டிகேப்காரரைப் போலத்தான் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஐந்தை மூன்றாக்கினால் போதும். புதிதாக ஒரு பேர்டிகூட (பாருக்கு ஒன்று குறைவு) வேண்டியதில்லை.

எட்டு டபுள் போகிக்குக் காரணமான குறைத் தூரம் ஒரு மாலையில் சரியாகிவிடும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால் 150 என்பீர்கள். அது நீங்கள் அடித்ததிலேயே சிறந்த ஒன்று, உருண்ட தூரமும் சேர்ந்தது. திடலில் ஒவ்வொரு மட்டையிலும் பத்துப் பந்துகள் அடித்து, பந்து முதலில் தரையில் விழும் இடத்தைப் பார்த்து, நடுவில் வரும் தூரத்தை எழுதுங்கள். 150 என்று நினைத்தது 136 என்று வந்தால் வருந்தாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. அந்தத் தாளைப் பைக்குள் ஒட்டிக்கொண்டு, கொடி எங்கே இருந்தாலும் கிரீனின் நடுவுக்கு உரிய மட்டையை எடுங்கள். பங்கரைப் பெரும்பாலான இடங்களில் கிரீனுக்கு முன்னாலும் பக்கத்திலும்தான் வெட்டி வைக்கிறார்கள். பின்னால் போய் விழுந்தால் அநேகமாகச் சிப் செய்ய இடமிருக்கும்.

அடுத்து, திடலில் நேராகப் போவது மைதானத்தில் ஏன் போவதில்லை என்ற உங்கள் முதல் கேள்வி. பிடியைப் பற்றி அண்ணன் சொன்னது ஒரு பாதி. மறுபாதி நீங்கள் பயிற்சி செய்யும் முறையில் இருக்கிறது. 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள், டென்னிஸ் பந்தைக் கையில் எடுத்துச் சிறு மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டிவிடும் வேலையை இரு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு குழு ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்த பிறகே அடுத்த வரிசைக்குப் போயிற்று. மற்றது மூன்று வரிசைகளையும் கலந்து செய்தது. பயிற்சி நடக்கும்போது முதல் குழுவே வேகமாகச் செய்தது. ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பழகியவர்களுக்கே வேலை கையில் நின்றிருந்தது. வெலிங்டன் அண்ணனும் அவருடைய நண்பர்களும் ஒற்றை 7 அயர்னில் எல்லா ஷாட்டையும் மாற்றி மாற்றி ஆடியபோது, அறியாமலேயே செய்தது இதைத்தான்.

இருபது டிரைவர்களை அடுத்தடுத்து அடித்தால் இருபத்தோராவது நேராகத்தான் போகும். முந்தைய இருபதையும் வைத்துக் கை தன்னைத் திருத்திக்கொண்டிருக்கும். முதல் குழியில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. ஆகவே செவ்வாய்க்கிழமை 100 பந்தை 50 ஆக்குங்கள். முதல் 20 பவுடர் தூவி 7 அயர்ன். மீதி 30-இல் சனிக்கிழமை ஆடும் மைதானத்தையே திடலில் ஆடுங்கள்: முதல் குழிக்கு டிரைவர், இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள வெட்டிய புல்வெளி) இருப்பதாகக் கொண்டு; அது விழுந்த இடத்திலிருந்து என்ன மிஞ்சுமோ அதற்குரிய அயர்ன்; பிறகு இரண்டாம் குழி. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பின்னே தள்ளி நின்று, திசை பார்த்து, ஆட்டத்தில் செய்வது போலவே வந்து நில்லுங்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆகும். களைப்பும் அதிகமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தைக் கிரீனுக்கு ஒதுக்குங்கள். 17 மூன்று பட் என்றால் பட்டிங்கை அப்படியே விட்டுவிடவும் முடியாது; ஆனால் தவறு திசையில் இருக்காது, தூரத்தில் இருக்கும். 20, 30, 40 அடியிலிருந்து மாறி மாறி ஒவ்வொரு பந்தாக உருட்டி, குழியைச் சுற்றி மட்டையின் நீளத்திற்குள் நிறுத்தப் பாருங்கள். நம் சமவெளி மைதானங்களில் பெரும்பாலும் பெர்முடா புல். புல்லின் நுனி உங்களைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் கிரீன் கருமையாகத் தெரியும், பந்து சீக்கிரம் நின்றுவிடும். எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் பளபளப்பாகத் தெரியும், ஓடும். குழியின் விளிம்பைக் குனிந்து பார்த்தால், புல் சாய்ந்திருக்கும் பக்கத்தில் விளிம்பு பிசிறாகக் காய்ந்திருக்கும்.

குறுகிய பட்டுக்கு மைதானமே தேவையில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்துப் பவானி ஜமக்காளம் வீட்டில் இருக்குமே, அதைத் தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அகலவாக்கில் ஓடும் வண்ணப்பட்டை ஐந்தடி நீளத்திற்கு நூல் பிடித்தது போல் இருக்கும். அந்தப் பட்டையின் மேலேயே, அடுத்த நிறத்தைத் தொடாமல் பந்தை உருட்ட வேண்டும். இரவு உணவுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். நான் இரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். என்னுடையது சிவப்பும் பச்சையும்.

மீதி நேரம் ஒரு மாலை 9 குழி. அவ்வளவுதான் உங்கள் நான்கு மணி நேரம்.

வெலிங்டன் முன்னாள் கேடி எழுதியது:

ஐயா, உங்கள் கணக்கைப் பார்த்த பிறகு என் பேச்சில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். 24-இல் 11 டீயில் தொடங்கினால் வேலையும் டீயில்தான் தொடங்க வேண்டும். ஆனால் சிப்பிங்கை விடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்பது தடவை சிப் கிரீனுக்கே வரவில்லை என்பது 18 ஹேண்டிகேப்பில் இருக்கக் கூடாத செலவு. பந்தைத் தூக்கிவிட முயல்வதால் வரும் பிழை அது. முன்காலில் எடையை வைத்து, கைப்பிடியைச் சற்று முன்னே தள்ளி, பந்து விழ வேண்டிய இடத்தில் ஒரு கைக்குட்டையைப் போட்டு அதன் மேல் போடப் பழகுங்கள். குழியைப் பார்க்க வேண்டாம், கைக்குட்டையை மட்டும் பாருங்கள்.

டீயைப் பற்றி. வேலி வலப்பக்கம் இருக்கும் குழிகளில் டீயின் வலது ஓரத்தில் பந்தை வைத்து, இடப்பாதி ஃபேர்வேயை நோக்கி அடியுங்கள். வளைவுக்கு இடம் கிடைக்கும். மிகக் குறுகிய இரண்டு, மூன்று குழிகளில் ஹைபிரிட் (டிரைவரைவிடக் குட்டையான, கட்டுப்படுத்த எளிதான மட்டை) எடுங்கள். டிரைவரை அடியோடு கைவிட வேண்டாம். தூரமும் ஒரு செல்வம். 30 யார்டு பின்னாலிருந்து அடுத்த ஷாட்டை அடிப்பதும் ஒரு செலவுதான்.

கோவைக்காரருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அங்கே நானும் ஆடியிருக்கிறேன். எதிர்க்காற்றில் எல்லோரும் செய்வது ஓங்கி அடிப்பது. ஓங்கி அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடி, மேலே எழும்பி, நின்று, கண்ணெதிரிலேயே கீழே விழும். இரண்டு மட்டை பெரிதாக எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, முக்கால் வீச்சில் அடியுங்கள். எங்கள் மலை மைதானங்களுக்கு வந்தால் இதற்கு நேர்மாறு. காற்றழுத்தம் குறைவு என்பதால் பந்து கூடுதலாகப் பறக்கும். அம்மையார் எழுதச் சொன்ன தாளை இங்கே நம்பிவிட வேண்டாம்.

பீளமேடு எழுதியது:

மேலும் பத்து வாரம் ஆகிவிட்டது. குறியீடு இன்று காலை 16.7. இந்தப் பத்து வாரத்தில் 86, 87, 88, 89 என்று நான்கு அட்டைகள் சிறந்த எட்டுக்குள் வந்திருக்கின்றன. 95 ஒன்றும் 97 ஒன்றும் உண்டு, அவற்றையும் பதிந்திருக்கிறேன்.

7 அயர்ன் 138 என்று வந்தது. அன்று மாலை முழுவதும் மனம் சரியில்லை. அடுத்த சனிக்கிழமை 150 யார்டில் 5 ஹைபிரிட் எடுத்தபோது உடன் ஆடியவர்கள் சிரித்தார்கள். பந்து கொடிக்கு இடப்பக்கம் பன்னிரண்டு அடியில் நின்றது. இடது கை முட்டி எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. இரண்டாகத் திருப்பிய முதல் மூன்று வாரம் பந்து இடப்பக்கமாகப் பாய்ந்து, பழையபடி பிடித்துவிடலாமா என்று தோன்றியது. இப்போது வளைவு பாதியாகக் குறைந்திருக்கிறது. கடைசி ஐந்து ஆட்டங்களில் தண்டனை 6, டபுள் போகி 15. ஜமக்காளம் எங்கள் வீட்டில் நீலமும் வெள்ளையும். பேத்தி பந்தைப் பிடித்துத் திருப்பி உருட்டுகிறாள்.

மூன்று பட் மட்டும் 17-இலிருந்து 15-க்குத்தான் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பாதி நாள் பட்டறை வேலை நீண்டு கிரீனுக்குப் போக முடியவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

நந்தனம் எழுதியது:

சனிக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அந்த அரை மணியில் குழியை நோக்கி ஒரு பட்கூட வேண்டாம். கிரீனின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு, புல் மாறும் கோட்டில் பந்து நிற்கும்படி உருட்டுங்கள். பிறகு அங்கிருந்து திரும்பி இந்த விளிம்புக்கு. தூரம் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். ஆடும்போது மூன்று பட் ஆன குழிகளில், முதல் பட் எத்தனை அடியிலிருந்து, குறைந்து நின்றதா, தாண்டிப் போனதா என்று கேடித் தம்பியையே குறிக்கச் சொல்லுங்கள். 15-இல் பெரும்பாலானவை மேட்டை நோக்கிக் குறைந்து நின்றவையா என்று பார்க்க விரும்புகிறேன். அடுத்த மூன்று அட்டைகள் சேர்ந்ததும் எழுதுங்கள்.